அம்மா அடுப்பு மூட்டாத நாற்பத்தொரு நாள்

செட்டிபாளையம்,
11.04.1997

அன்புள்ள மகன் தயாபரனுக்கு,

கண்ணகை அம்மனின் காவலில் நானும் அம்மாவும் உயிரோடும், அந்த உயிரை வைத்திருக்கப் போதுமான உடம்போடும் இருக்கிறோம். நீயும் அந்த இத்தாலிப் பலர்மோ பட்டணத்தில் தடிமன் காய்ச்சல் இல்லாமல், வேளைக்குச் சாப்பிட்டு வேளைக்குப் படுத்து எழும்பி இருப்பாய் என்று நம்புகிறேன். உன்னுடைய இரண்டு கடிதங்களும் கிடைத்தன, முதலாவது மார்ச் முதலாம் திகதி வந்தது, மற்றது போன கிழமை. இரண்டும் ஓரம் பிரித்து மறுபடி ஒட்டப்பட்டுத்தான் வந்தன, ஆகவே உன் கலியாண விஷயம் எங்களுக்கு முன்பே வேறு யாருக்கோ தெரிந்திருக்கிறது, அவர்களுக்கும் என் வணக்கத்தைச் சொல்லிக்கொள்கிறேன். நீ கேட்டதற்குப் பதில் இந்தக் கடிதத்தில் இருக்கிறது, ஆனால் முதல் பக்கத்தில் இல்லை. கடைசிப் பக்கத்துக்குப் பாயவேண்டாம். முப்பது வருடம் வட்டை விதானையாக இருந்து கரடியனாற்று வயற்காரர் எல்லாருக்கும் தண்ணீர் பங்கிட்டுக் கொடுத்தவன் நான், எந்த வாய்க்காலை எப்போது திறப்பது என்று எனக்குத் தெரியும். நீ எங்களை நாற்பத்தொரு நாள் படுத்திய பாட்டுக்கு, நாலு பக்கம் காத்திருந்தால் உனக்கு ஒன்றும் குறைந்துவிடாது.

உன் முதற் கடிதம் வந்த நேரம் அம்மா அடுப்படியில் தேங்காய்ப்பாற் சொதி துழாவிக்கொண்டு நின்றாள். நான் வழக்கம்போலக் குசினி வாசலில் நின்று உரக்க வாசித்தேன். சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவும் வேலையிலிருந்து நீ சமையல் வேலைக்கு ஏறிவிட்டாய் என்ற இடத்தில் அம்மாவின் முகம் பூரித்துப் போனது. கடைக்கார அம்மாவுக்கு ரோசாலியா என்று ஒரு மகள் இருக்கிறாள் என்ற இடத்திலும் ஒன்றும் ஆகவில்லை. அவளை முடிக்க விரும்புகிறேன், அம்மாவின் வாயால் ஓம் என்று வராமல் தாலி எடுக்கமாட்டேன், அவளுடைய தாய் வைகாசிக்குள் ஒரு முடிவு கேட்கிறார் என்ற இடத்தில் துழாவின கை நின்றுவிட்டது. சொதி திரைந்து போனது. இந்த முப்பத்தைந்து வருடத்தில் அம்மாவின் கையில் சொதி திரைந்ததை நான் பார்த்தது அன்றைக்குத்தான். அவள் அதைக் கொட்டிவிட்டு வெறுஞ் சட்டியின் மேலே அகப்பையைக் குறுக்கே வைத்தாள், விறகை இழுத்துத் தண்ணீர் தெளித்தாள், “உங்கட மகன் அந்தப் பெட்டைய விட்டுட்டன் எண்டு எழுதுமட்டும் இந்த அடுப்ப நான் மூட்டமாட்டன், நீங்களே சமைங்க” என்று சொல்லிவிட்டு முற்றத்தில் போய் இருந்துகொண்டாள்.

நான் பின்னாலேயே போய் நியாயம் பேசிப் பார்த்தேன். அவள் என்ன குடி என்று அம்மா கேட்டாள். ஒரே குடிக்குள் முடிப்பதுதானே கூடாது, அவள் எந்தக் குடியானாலும் எங்கள் குடி அல்ல, ஆகவே சம்பந்தம் செய்வதற்குத் தடை இல்லை என்று சொன்னேன், முறைத்தாள். மாப்பிள்ளை பெண்ணின் வீட்டுக்குப் போய் இருப்பதுதானே எங்கள் வழக்கம், நானும் இந்த வீட்டுக்கு ஒரு தகரப் பெட்டியோடு வந்து ஏறினவன்தானே, எங்கள் மகன் போன வீடு கொஞ்சம் தூரம், அவ்வளவுதான் என்று சொன்னேன், அதற்கும் முறைத்தாள். பிறகுதான் உள்ளே கிடந்தது வெளியில் வந்தது. “ஆரு வந்து கேட்ட? ஒரு பெட்டி வந்ததா இந்த வாசலுக்கு? வேலி பாய்ஞ்ச கண்டுக்குட்டிய மாதிரி என்ட புள்ளையப் பிடிச்சுக் கட்டி வச்சிருக்காளுகள்” என்று சொல்லி அழுதாள். அதில் நியாயம் இருக்கிறது, மகன். எங்கள் பக்கத்தில் பெண் வீட்டார்தான் பலகாரப் பெட்டியோடு வந்து மாப்பிள்ளை கேட்கவேண்டும். பெட்டியை வாங்கிச் சாப்பிட்டால் சம்மதம், சாப்பிடாமல் திருப்பினால் இல்லை. கேட்பாரில்லாமல் தன் பிள்ளை போய்விட்டது என்பதுதான் அவளுக்குப் பெரிய அவமானமாக இருந்தது. இத்தாலி, கிறிஸ்தவ வேதக்காரி என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

முதல் மூன்று நாளும் பேக்கரிப் பாணும் வாழைப்பழமும் சாப்பிட்டோம். நாலாம் நாள் பாண் வரவில்லை, ஆமிக்காரர் றோட்டை மூடிவிட்டார்கள். அப்போதுதான் உன் கடிதத்தின் பின்பக்கம் ஞாபகம் வந்தது, உங்கள் கடையில் செய்யும் நாலு சாப்பாட்டை ரோசாலியா சொல்லச் சொல்ல எழுதினேன் என்று எழுதியிருந்தாயே. என்னிடம் வேறு சமையற் புத்தகம் கிடையாது, அம்மாவிடம் கேட்கவும் வழியில்லை. யாரால் இந்த வீட்டு அடுப்பு அணைந்ததோ அவளைக் கொண்டே அதை மூட்டுவது என்று தீர்மானித்தேன். இதில் கொஞ்சம் வில்லங்கமும் கலந்திருந்தது, ஒத்துக்கொள்கிறேன். மாவைப் பிசைந்து நூலாக்கிக் கொதிக்கிற தண்ணீரில் போடவேண்டும் என்று எழுதியிருந்தாய், என்ன மா என்று எழுதவில்லை. எங்கள் வீட்டில் மா என்றால் அரிசி மாதானே. இடியப்ப உரலில் போட்டுக் கொதிநீருக்குள் நேராகப் பிழிந்தேன், பிழியப் பிழியக் காணாமல் போனது. உரல் மா முழுவதும் போனபிறகு எட்டிப் பார்த்தேன், பானை நிறையக் கூழ். அத்தனை ஏக்கருக்குத் தண்ணீர் அளந்தவனுக்கு ஒரு பானையைச் சமாளிக்க முடியவில்லை. பேசாமல் கோப்பையில் ஊற்றிக் கொண்டுபோய் வைத்தேன். அம்மா குடித்தாள். நீ சாப்பிட மாட்டாய் என்றல்லவா நினைத்தேன் என்று கேட்டதற்கு, “சமைக்க மாட்டன் எண்டுதான் சொன்னன், சாப்பிட மாட்டன் எண்டு சொல்லல்லயே” என்றாள், பிறகு கோப்பையைப் பார்த்து, “கூழுக்கு ரெண்டு இறாலப் போட்டிருக்கலாம்” என்றும் சொன்னாள்.

அடுத்த முறை நிவாரணத்துக்குக் கிடைத்த கோதுமை மாவில் முட்டை உடைத்துப் பிசைந்தேன், நூல் நூலாக நின்றது. மேலே போடுவதற்கு நீ எழுதின மீன் எங்கள் சாளை மீன்தான், அது கிடைத்தது. பெருஞ்சீரகம் கிடைத்தது. முந்திரிகை வற்றல், அந்தக் காய்ந்த திராட்சைக்கு உசனாரைப் பிடித்தேன். உனக்கு உசனாரை ஞாபகம் இருக்கும், காத்தான்குடியிலிருந்து சைக்கிளில் சாறன் கட்டு வைத்துக்கொண்டு ஊர் ஊராக வருகிறவர், உன் முதல் நீளக் காற்சட்டைக்குத் துணி அவரிடம்தான் எடுத்தோம். தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் இடையில் எவ்வளவோ நடந்தும் அந்த மனிதர் இந்த வாசலுக்கு வருவதை நிறுத்தவில்லை, நாங்களும் அவருக்குத் தேத்தண்ணி கொடுப்பதை நிறுத்தவில்லை. அந்த நாட்களில் அம்மா அடுப்புப் பக்கம் வராததால் தேத்தண்ணியும் நான் போட்டதுதான், பாவம், முகத்தைச் சுளிக்காமல் குடித்தார். வற்றல் கொண்டுவந்து தந்தார். அம்மா ஒரு வாய் வைத்துவிட்டு, மீனுக்குள்ளே இனிப்பு வற்றல் போடச் சொன்னது யார் என்று கேட்டாள். உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் கோப்பையை நீட்டி இன்னும் கொஞ்சம் போடச் சொல்லிக்கொண்டே கேட்டாள், அந்த நேரம் உண்மையைச் சொல்லி அதைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை. உசனார் வாலிபத்தில் கப்பலில் சமைக்கிற கோக்கியாக இருந்தவர், அவர் சொல்லித் தந்தது என்று சொல்லிவிட்டேன். உசனார் வாவியில் தோணி ஏறினாலே சத்தி எடுக்கிற ஆள். அடுத்த நாளே வேலியோரம் அவரை மறித்து, இன்றிலிருந்து நீர் ஏழு கடல் போய்வந்த கோக்கி என்று சொன்னேன். “அல்லாவே, எந்தக் கப்பல், விதானையார்?” என்று கேட்டார். அதை நாளைக்கு யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

இப்படியே நாட்கள் போயின. சோற்றை உருட்டி நடுவில் இறைச்சி வைத்துப் பாண் தூளில் புரட்டிப் பொரிக்கும் உருண்டை இருக்கிறதே, அதில்தான் நான் கொஞ்சம் கெட்டிக்காரனாகிவிட்டேன். இறைச்சிக்குப் பதில் இறால் வைத்தேன். பன்னிரண்டு உருண்டை பொரித்து மூடி வைத்துவிட்டுக் கிணற்றடிக்குப் போய்வந்து பார்த்தால் எட்டுத்தான் இருந்தது. நாலும் வேலிக்கு மேலால் பக்கத்து வீட்டு இராசாத்தியிடம் போயிருக்கிறது. அடுப்பு மூட்டாத கதை ஊருக்குத் தெரிந்து இராசாத்தி இரங்கிப் பேச வந்தாள், அம்மாவுக்கு ரோசம் வந்து, “எங்கட இவர் கப்பல் சமையல் பழகிறார், நான்தான் கொஞ்சம் விட்டுக்குடுத்திருக்கன்” என்று சொல்லி எடுத்துக் கொடுத்திருக்கிறாள். இதெல்லாம் கிணற்றடி மதிலோடு நின்ற என் காதில் விழுந்தது. மகன், உன் மாமியாராகப் போகிறவரின் கடைச் சாப்பாட்டை உன் தாய் பெருமையடித்துக்கொண்டு ஊருக்குப் பரிமாறுகிறாள், அதை நான் மட்டும் தெரிந்துகொண்டு நிற்கிறேன், எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்திருக்கும் என்று நினைத்துப் பார். சிரிப்பை அடக்க முடியாமல் வாளியைக் கிணற்றுக்குள் விட்டுவிட்டேன்.

இந்தக் கப்பற் கதை ஆட்டம் கண்டது கத்தரிக்காயில். பொரித்த கத்தரிக்காயில் வினாகிரியும் சீனியும் சேர்த்துப் பிரட்டும் அந்தக் கறியை, கப்பொனாத்தா என்றோ என்னவோ எழுதியிருக்கிறாய், அதைச் செய்து வைத்தேன். அம்மா விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள், கண்ணை மூடினாள், மறுபடியும் தொட்டாள். “இது கிட்டத்தட்ட எங்கட பொரிச்ச கத்தரிக்காய்தானே, புளிப்பு மட்டும் காணா” என்றாள். அன்றைக்கென்று உசனார் வந்து சேர்ந்தார். நான் கண்ணைக் காட்ட முன்பே அம்மா அவரை வழிமறித்து, இந்தக் கறிக்கு வினாகிரி எவ்வளவு விடவேண்டும் என்று கேட்டுவிட்டாள். உசனார் என்னைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார், சைக்கிளில் இருந்த சாறன் கட்டைப் பார்த்தார். “ஒண்டரைக் கெசம் அக்கா” என்றார். வினாகிரியைத் துணி அளக்கிற கெசக்கோலால் அளக்கிற கோக்கி உலகத்தில் எந்தக் கப்பலில் இருந்தார் என்று அம்மா கேட்பாள் என்று பார்த்தேன், கேட்கவில்லை. ஓம் தம்பி, அப்படியே விடுறன் என்று சொல்லி உள்ளே போய்விட்டாள். அவள் திட்டியிருந்தால் நான் பயந்திருக்க மாட்டேன், சிரிக்காமல் போனதால் உசனாரை அவசரமாக வாசல்வரை கொண்டுபோய் விட்டேன்.

உன் இரண்டாம் கடிதத்தோடு ரோசாலியா அம்மாவுக்கென்று தன் கையால் எழுதின தாள் வந்தது இதற்கு அடுத்த நாள். அதை உன்னை வாசிக்க விடவில்லை, அங்கேயே யாரையாவது கொண்டு வாசித்துச் சொல்லச் சொல்கிறாள் என்று எழுதியிருந்தாய். தாள் நிறைய அவர்களுடைய பாஷை, கீழே வட்டங்கள், வட்டத்திலிருந்து வட்டத்துக்கு அம்புக்குறிகள். அம்மாவிடம் காட்டுவதற்கு முன்பு அதில் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும் என்று பஞ்சாங்கத்துக்குள் ஒளித்து வைத்தேன். இது என் பிழை, அவளுக்கு வந்த கடிதத்தை நான் வைத்திருந்தது. நேற்று வியாழக்கிழமை, வருடப்பிறப்புக்குச் சாமான் வாங்கப் போகிறேன் என்று பொய் சொல்லிப் பஸ் ஏறி மட்டக்களப்புக்குப் போனேன். அங்கே முன்னொரு காலத்தில் ரோமில் படித்த வயதான கத்தோலிக்கச் சுவாமி ஒருவர் இருக்கிறார். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசிக்க வாசிக்க நான் தமிழில் எழுதிக்கொண்டேன். அதை அப்படியே கீழே தருகிறேன், நீ வாசிக்கக்கூடாது என்று அவள் சொன்னதும் உண்மைதான், ஆனால் இப்போது நீ வாசித்தால்தான் மிச்சக் கதை விளங்கும்.

“தயாவின் அம்மாவுக்கு. மாசி மாதத்தில் அவனுக்கு ஐந்து நாள் காய்ச்சல். நான் செய்த ஒன்றையும் சாப்பிடவில்லை. சொதி வேண்டும் என்றான். எப்படிச் செய்வது என்று கேட்டேன், மஞ்சளாக இருக்கும், வெள்ளையாகவும் இருக்கும், அம்மா துழாவிக்கொண்டே இருப்பார் என்றான், அவ்வளவுதான் அவனுக்குத் தெரியும். நான் பசுப்பாலில் மஞ்சள் போட்டேன், மிளகு போட்டேன், கொதிக்கும்போது எலுமிச்சம்பழம் பிழிந்தேன். அது பாற்கட்டியாகிவிட்டது. எப்படி ஆனது என்று கீழே படம் போட்டிருக்கிறேன். அவன் அதையும் சாப்பிட்டுவிட்டு நன்றாக இருக்கிறது என்று பொய் சொன்னான், பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். எனக்கு மனது பொறுக்கவில்லை. அவனை எனக்குத் தருவதும் தராததும் உங்கள் விருப்பம். ஆனால் சொதி வைப்பது எப்படி என்று தயவுசெய்து எனக்குச் சொல்லித் தாருங்கள், இல்லாவிட்டால் அடுத்த காய்ச்சலுக்கு நான் என்ன செய்வேன்.” சுவாமியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எனக்குத் துடைக்கக் கண்ணாடி இல்லை, சால்வை இருந்தது.

வரும் வழியில் ஒரு ஆமிச் சென்றியில் பஸ்ஸை நிறுத்தி எல்லாரையும் இறக்கிச் சோதித்தார்கள். என் சட்டைப் பையில் இந்தத் தாள். வட்டமும் அம்புக்குறியும் விளங்காத எழுத்துமாக இருந்தால் ஆமிக்காரன் என்ன நினைப்பான்? முகாமின் படம் என்று நினைத்துவிட்டான். பஸ் போய்விட்டது, என்னை வெயிலில் இருத்தி வைத்தார்கள். இது பாற்கட்டி, இது எலுமிச்சம்பழம் என்று எனக்குத் தெரிந்த நாலு சிங்களச் சொல்லை வைத்துக்கொண்டு சொல்லப் பார்த்தேன், சொல்லச் சொல்லச் சந்தேகம் கூடிக்கொண்டே போனது. இப்போது பகிடியாக எழுதுகிறேன், அந்த இரண்டரை மணித்தியாலமும் பகிடியாக இருக்கவில்லை, இப்படி இருத்தி வைத்தவர்களில் வீட்டுக்கு வராதவர்களின் பெயர் எனக்கும் தெரியும், உனக்கும் தெரியும். கடைசியில் உள்ளேயிருந்து ஒரு கோப்ரல் வந்தான், உன் வயது இருக்கும். தாளைப் பார்த்தான், உறையைக் கேட்டு வாங்கி முத்திரையைப் பார்த்தான், “மகே அம்மாத் இத்தாலியே” என்றான், தன் தாயும் இத்தாலியில்தான் என்று. கொஞ்சம் தமிழ் பேசினான். இதில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டான், என் மகனுக்குக் காய்ச்சல், அந்தப் பெண் சொதி வைக்கத் தெரியாமல் கேட்கிறாள் என்றேன். அவன் வட்டங்களை மறுபடி பார்த்தான். அவனுடைய தாய் அங்கே ஒரு வீட்டில் வேறு யாருடைய பிள்ளைகளுக்கோ சமைக்கிறாராம், மூன்று வருடமாக இவனுக்குப் பார்சலில் சொக்கலேட் வருகிறதாம். தாளை இருந்த மடிப்பிலேயே மடித்துத் தந்து போகச் சொன்னான். அவன் தோளில் துவக்கு இருந்தது, எனக்குப் பயம் போகவும் இல்லை, ஆனாலும் அவனைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

அடுத்த பஸ்ஸில் வந்து இறங்கியபோது அம்மா றோட்டில் நின்றாள். மூன்று மணியிலிருந்து நிற்கிறாள் என்று இராசாத்தி சொன்னாள், வந்த ஒவ்வொரு பஸ்ஸுக்கும் ஓடிப் போய்ப் பார்த்தாளாம். என்னைக் கண்டதும் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள், அழுது முடிந்ததும் திட்டத் தொடங்கினாள், வீடு வரும்வரை நிறுத்தவில்லை. முதல் பஸ்ஸில் வந்தவர்கள் சொல்லி அவளுக்குத் தெரிந்திருந்தது, ஏன் பிடித்தார்கள் என்று கேட்டால் மறைக்க முடியுமா? எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், கூழ், சாளை மீன், உருண்டை, கப்பல் எல்லாம். “கப்பல் பொய் எண்டு கெசத்தோட எனக்குத் தெரியும், எங்க போய் முடியுது எண்டு பாத்துக்கிட்டு இருந்தன்” என்றாள். பிறகு தாளைக் கேட்டாள்.

எழுத்தைப் பார்க்கவில்லை, மகன். தாளின் மூலையைப் பார்த்தாள். அங்கே பெருவிரல் அளவுக்கு ஒரு எண்ணெய்க் கறை, நான் இத்தனை நாளும் கவனிக்கவே இல்லை. அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள், மூக்கில் வைத்து மணந்தாள். “அடுப்படியில நிண்டுதான் எழுதியிருக்காள்” என்றாள். பிறகு நான் எழுதின தமிழை என்னிடம் தந்து வாசிக்கச் சொன்னாள். வாசித்தேன். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாய் என்ற இடத்தை இரண்டு தரம் வாசிக்கச் சொன்னாள். ரோசாலியாவின் தாளை மடியில் வைத்து மடிப்பை நீவினாள். இதுதான் சமயம் என்று, நாற்பது நாளாகப் பெண் வீட்டுச் சாப்பாடு இந்த வாசலுக்கு வந்திருக்கிறது, நீ திருப்பியும் அனுப்பவில்லை, ஊருக்கும் பகிர்ந்திருக்கிறாய் என்று மெதுவாக எடுத்துவிட்டேன். முறைப்பாள் என்று பார்த்தேன். “தெரியும், நீங்க சொல்லத் தேவல்ல” என்றாள். “கேட்டு வந்திட்டாள். சொதியத்தான் கேட்டிருக்காள், எண்டாலும் வாசலுக்கு வந்து கேட்டிருக்காள். பெட்டிய வெறுமையாத் திருப்பி அனுப்ப ஒண்ணாது” என்று சொல்லிக்கொண்டே எழும்பிக் குசினிக்குள் போனாள். சட்டியின் மேல் அகப்பை அப்படியே குறுக்காகத்தான் கிடந்தது, நான் இத்தனை நாளும் வேறு சட்டியில்தான் சமைத்தேன், அதைத் தொட எனக்குத் துணிவில்லை.

இனி ரோசாலியாவுக்குச் சொதி. வாயால் சொல்லச் சொன்னேன், அவளுக்குச் சொல்ல வரவில்லை, கை செய்தால்தான் வாய்க்குத் தெரியுமாம். ஆகவே இன்று காலை வைத்தே காட்டினாள், நான் பென்சிலும் கோப்பையுமாகப் பக்கத்தில் நின்றேன். சட்டிக்குள் எதைப் போடப்போனாலும் கையை மறித்து அளந்தேன், இரண்டு தரம் அகப்பையால் அடி வாங்கினேன். அளவு இதுதான்: அங்கே கடைகளில் தகர ரின்னில் விற்கும் தேங்காய்ப்பாலில் ஒரு கோப்பையை எடுத்து இரண்டு கோப்பை தண்ணீர் கலக்கவேண்டும், பசுப்பால் ஆகவே ஆகாது. அதில் சின்ன வெங்காயம் ஆறு, பச்சைமிளகாய் இரண்டு, வெந்தயம் ஒரு சிட்டிகை, மஞ்சள் கால் தேக்கரண்டி, கறிவேப்பிலை, உப்பு. வெங்காயம் அவிந்ததும் வெள்ளை மீன் நாலு துண்டு. மீன் வெந்ததும் தண்ணீர் கலக்காத தடித்த பால் அரைக் கோப்பை, அதை விட்டபிறகு கொதிக்க விடக்கூடாது, கை எடுக்காமல் துழாவவேண்டும், நீ சொன்னாயே அம்மா துழாவிக்கொண்டே இருப்பாள் என்று, அதற்குக் காரணம் அதுதான். தேசிக்காயோ எலுமிச்சம்பழமோ அடுப்பிலிருந்து இறக்கி வைத்தபிறகுதான். அடுப்பில் இருக்கும்போது பிழிந்தால் யார் பிழிந்தாலும் திரையும், அது அவளுடைய குற்றம் இல்லை, சொல்ல ஆள் இல்லாத குற்றம் என்று அம்மா எழுதச் சொன்னாள்.

மிளகு மட்டும் மிச்சம். அம்மா விரல்நுனியால் கொஞ்சம் எடுத்து அம்மியில் போட்டாள், எண்ணினேன், பதினைந்து மணி. எழுதிக்கொண்டேன். குழவியைக் கையில் எடுத்தவள் மறுபடி கீழே வைத்துவிட்டு ஒவ்வொன்றாகப் பொறுக்கி ஐந்து மணியைத் திரும்ப எடுத்தாள். ஏன் என்று கேட்டேன். “அந்தப் புள்ளைக்கு உறைக்கும்” என்றாள். நாற்பத்தொரு நாளாகப் பெட்டை, அவள், இவள் என்று இருந்தது இன்றைக்குப் புள்ளையாகிவிட்டது, அவளுக்கே தெரியாமல் வந்துவிட்டது, நான் காட்டிக்கொள்ளவில்லை. பத்து மணி மிளகு என்று திருத்தி எழுதினேன்.

நாளைக்கு வருடப்பிறப்புப் பலகாரம் சுடப்போகிறாள், இராசாத்தியையும் உசனாரையும் வரச் சொல்லியிருக்கிறது, உசனாருக்குத் தனியாக விசாரணை இருக்கிறதாம். குளிருக்குக் கழுத்தை மூடிக்கொண்டு திரி. காய்ச்சல் வந்தால் மறைக்காமல் எழுது, அம்மா இதை மூன்று தரம் சொன்னாள். மாமியாராகப் போகிறவருக்கு என் வணக்கத்தைச் சொல்லி, கத்தரிக்காய்க்கு எங்கள் வீட்டில் புளிப்புக் கொஞ்சம் கூட்டியிருக்கிறோம் என்றும் சொல். சொதி எப்படி வந்தது என்று ரோசாலியாவையே எழுதச் சொல், நீ எழுதினால் நன்றாக இருந்தது என்று பொய் சொல்லுவாய். அம்மன் உங்கள் இருவரையும் நோய்நொடி இல்லாமல் வைத்திருக்கட்டும், நீங்கள் வைக்கும் உலை என்றைக்கும் குறையாமல் பொங்கட்டும்.

சம்மதம் என்று எழுதட்டுமா என்று இப்போதுதான் குசினிப் பக்கம் திரும்பிக் கேட்டேன். அவளுக்குக் கை வேலையாக இருக்கிறதாம், மீன் பொரித்துக்கொண்டு நிற்கிறாள். எழுதின தாளைக் கொண்டுவரச் சொன்னாள். கொண்டுபோய் நீட்டினேன். எண்ணெய்ப் பெருவிரலால் மூலையில் ஒரு அழுத்து அழுத்திவிட்டுச் சட்டிப் பக்கம் திரும்பிவிட்டாள். வழியில் பிரித்து வாசிக்கிறவர்கள் அதைக் கறை என்று நினைத்துத் துடைத்துவிடாமல் இருக்கவேண்டும், அது அம்மாவின் கையெழுத்து.

இப்படிக்கு,
உன் அன்பு அப்பா,
சா. வினாயகமூர்த்தி